பிராண்டை மாத்த முதல்: கொம்பியூட்டர் உண்மையிலயே பிழையோ எண்டு குணங்குறியால பிடிக்கிறது

என்ர அக்கா யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில பிள்ளையளுக்கு ரியூசன் நோட்ஸ் அடிச்சு பிறின்ற் எடுத்துக் குடுக்கிற சின்னக் கடை ஒண்டு வச்சிருக்கிறா. அவவின்ர கொம்பியூட்டர் வேலை நடந்துகொண்டிருக்கேக்க சத்தமில்லாமல் நிண்டுபோகும், ஒரு நாளைக்கு ரெண்டு தரம் நிக்கும், பிறகு மூண்டு நாளைக்கு ஒண்டும் நடக்காது. "உந்தக் கொம்பனிச் சாமானே சரியில்லைத் தம்பி" எண்டு சொல்லி வேற பிராண்டில ஒண்டு எடுத்தா. எட்டு மாசத்தில அதுவும் அதே மாதிரி நிக்கத் தொடங்கீற்று. மூண்டாவது மிசினுக்கு அவ காசு சேர்க்கத் தொடங்கின நேரத்திலதான் நான் ஒரு நாள் முழுக்கக் கடையில இருந்து பாத்தனான். ரெண்டு மிசினும் இருந்தது ஒரே மேசை, ஒரே பிளக். வயர்மனைக் கூப்பிட்டு மெயின் சுவிட்சை நிப்பாட்டிப்போட்டு அந்த பிளக் பேசைக் கழட்டினால் உள்ளுக்க நியூட்ரல் வயரின்ர ஸ்குறு இளகி, செப்புக்கம்பி கறுத்துப்போய்க் கிடக்குது. பிளக் பேசை மாத்தின பிறகு ரெண்டு மிசினும் இண்டைக்கு வரைக்கும் ஓடுது.

அக்காவின்ர காசு அப்பிடிப் போனது எனக்கு இப்பவும் கவலைதான். அதுக்குப் பிறகு ஆர் என்னட்ட "எந்த பிராண்ட் திறம்" எண்டு கேட்டாலும் நான் முதல்ல திருப்பிக் கேக்கிறது, உங்களிட்ட இப்ப இருக்கிற பிழை புது மிசினோடையும் கூட வருமோ, இல்லாட்டிப் பழைய மிசினோடயே நிண்டிடுமோ எண்டுதான். கூட வாற பிழை எண்டால் பிராண்டை மாத்தி ஒரு பிரியோசனமும் இல்லை. கீழ எழுதியிருக்கிற எல்லாம் அதைப் பிரிச்சுப் பிடிக்கிறதுக்குத்தான்.

தொடங்க முதல் ஒரு கொப்பி எடுங்கோ

ரெண்டு கிழமைக்கு எழுதுங்கோ. ஒவ்வொரு தரமும் பிழை வரேக்க திகதி, நேரம், சார்ஜரில இருந்ததோ பற்றரியில இருந்ததோ, என்ன செய்துகொண்டு இருந்தனீங்கள், அந்த நேரம் வீட்டில தண்ணி மோட்டர், ஃபிரிஜ், அயன் ஏதும் ஓடினதோ. இது பெரிய வேலையாத் தெரியும், ஆனா "அடிக்கடி நிக்குது" எண்டு சொல்லுறதுக்கும் "பின்னேரம் 6க்கும் 8க்கும் இடையில மட்டும், சார்ஜர் குத்தியிருக்கேக்க மட்டும் நிக்குது" எண்டு சொல்லுறதுக்கும் இடையில பாதிப் பதில் இருக்குது.

மிசினும் தன்ர பாட்டுக்கு ஒரு கொப்பி எழுதிக்கொண்டுதான் இருக்குது. விண்டோஸ் ஸ்ராட் மெனுவில றிலையபிலிற்றி எண்டு ஆங்கிலத்தில அடிச்சால் "வியூ றிலையபிலிற்றி ஹிஸ்ரரி" எண்டு ஒண்டு வரும், திறவுங்கோ. நாள்வாரியா ஒரு கோடு ஓடும், 1 இல இருந்து 10 வரைக்கும் ஒரு எண், ஏதும் விழுந்த (அதாவது சொவ்ட்வெயரோ விண்டோசோ இடையில நிண்டுபோன) நாளில சிவப்புக் குறி. அந்தச் சிவப்பை அமத்தினால் எது விழுந்தது எண்டு எழுதியிருக்கும். எண் 4 எண்டு கண்டு பயப்பிடாதேங்கோ, ஒரே ஒரு பிழையான சொவ்ட்வெயர் ஒவ்வொரு நாளும் விழுந்தாலே அந்த எண் இறங்கும். எண்ணை விட்டிட்டு என்ன விழுந்தது எண்டதைப் பாருங்கோ. ஒரே சொவ்ட்வெயர்தான் திரும்பத் திரும்ப விழுகுது எண்டால் மிசினில கை வைக்காதேங்கோ. "விண்டோஸ் ஒழுங்கா நிப்பாட்டப்படேல்ல" எண்ட மாதிரி நிறைய இருந்தால் அடுத்த பகுதிக்கு வாங்கோ.

குணங்குறி: ஒரு அறிவிப்பும் இல்லாமல் பட்டெண்டு நிக்குது

எங்கட பக்கத்தில கூடுதலாக் காணுறது இதுதான், அதால இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன்.

முதல்ல ஈவென்ற் வியூவரை (விண்டோஸ் தனக்கு நடந்ததுகளை எழுதி வைக்கிற இடம், ஸ்ராட் மெனுவில தேடலாம்) திறந்து சிஸ்ரம் பகுதியில கேர்னல் பவர் 41 எண்ட பதிவைத் தேடுங்கோ. மிசின் ஒழுங்கா மூடப்படாமல் திரும்பத் தொடங்கினால் அது எழுதுற பதிவு அது. அதின்ர விபரத்துக்குள்ள பக்செக் கோட் எண்டு ஒரு எண் இருக்கும். அது 0 எண்டால் விண்டோசுக்கு விழுகிறதுக்கே நேரம் கிடைக்கேல்ல, அதாவது கரண்ட் போயிருக்கு, இல்லாட்டி மிசின் அப்பிடியே இறுகிப்போய் ஆரோ பவர் பட்டனை அமத்திப் பிடிச்சிருக்கினம். 0 இல்லாமல் வேற எண் எண்டால் அது நீலத்திரைக் கதை, கீழ வரும்.

0 எண்டால் இனி இடத்தை மாத்திப் பாருங்கோ. லப்டொப் எண்டால் சுகம், சார்ஜரைக் கழட்டிப்போட்டு பற்றரியில அதே வேலையைச் செய்யுங்கோ. நிக்கேல்ல எண்டால் சந்தேகம் சார்ஜரிலயும் சுவரிலயும். இன்னொரு வீட்டில, உங்கட சொந்தச் சார்ஜரோடயே ரெண்டு நாள் பாவியுங்கோ. அங்கயும் நிண்டால் சார்ஜர் அல்லது மிசின், நிக்கேல்ல எண்டால் உங்கட வயரிங். சார்ஜர் கடன் வாங்கேக்க வோல்ற் ஒண்டா இருக்கவேணும், அம்பியர் அதேயளவு இல்லாட்டிக் கூட இருக்கலாம், குறையக் கூடாது. சில மொடல்களில சார்ஜர் வாய்க்கு நடுவில மெல்லிசா ஒரு பின் இருக்கும், அது உடைஞ்சால் லைற் எரியும், மிசின் ஓடும், ஆனா பற்றரி ஏறாது, மிசினும் தன்ர வேகத்தைத் தானே குறைச்சுப்போடும். உதைத் தெரியாமல் மதர்போட் போயிற்று எண்டு நினைச்ச ஆக்கள் எத்தினையோ பேர்.

டெஸ்க்ரொப் எண்டால் இன்னும் ஒண்டு இருக்குது. எங்கட கரண்ட் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். ஒரு நல்ல பவர் சப்ளை, கரண்ட் விட்டுப்போனால் ஒரு செக்கனை ஆயிரமாப் பிரிச்சதில ஏறக்குறைய 16, 17 பங்கு நேரம்தான் மிசினைப் பிடிச்சு வச்சிருக்கும். உங்கட கண்ணுக்கு லைற் ஒருக்கால் கண்ணடிச்ச மாதிரி இருக்கும், மிசினுக்கு அது சாவு. அப்பிடி இருக்கேக்க பாக்கவேண்டியது யூபிஎஸ்ஸின்ர (கரண்ட் போனால் கொஞ்ச நேரம் மிசினைத் தாங்குற பெட்டி) பற்றரி. கன வருசமா மாத்தாத யூபிஎஸ் பற்றரி லைற்றைக் காட்டும், பாரத்தைத் தாங்காது. மொனிற்றரையும் ஒரு பழைய பல்ப்பையும் மட்டும் யூபிஎஸ்ஸில குத்திப்போட்டு சுவர் பிளக்கை இழுத்துப் பாருங்கோ, கொம்பியூட்டரைக் குத்தி இந்தச் சோதினை செய்யாதேங்கோ. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலம் ஞாபகம் இருக்கும்தானே, பற்றரியள் முழுசா இறங்கி இறங்கி ஏறினது அப்பதான், அந்தக் காலத்துப் பற்றரி இன்னும் உள்ள இருக்குதெண்டால் இனிச் சோதிக்கத் தேவையில்லை, மாத்துங்கோ.

எல்லாம் பாத்தும், வேற வீட்டில, வேற சார்ஜரில, பாரமான வேலை செய்யேக்க மட்டும் நிக்குது எண்டால் சூடு. அதுக்குத் தனியா வாறன்.

குணங்குறி: தொட்டால் சுள்ளெண்டு கூசுது

இரும்பு உடம்பு லப்டொப்பில கை மணிக்கட்டை வைக்கேக்க மெல்லிசா விறுவிறுக்கும். ரெண்டு பின் சார்ஜரில இது அனேகமா எல்லா பிராண்டிலயும் வரும், சார்ஜருக்குள்ள இருக்கிற வடிகட்டிக் கப்பாசிற்றரால கசியிற சின்னக் கரண்ட். மூண்டு பின் சார்ஜரிலயும் கூசுதெண்டால் விசயம் வேற, உங்கட பிளக்கில எர்த் இல்லை, இல்லாட்டி எர்த் கம்பி சரியாப் பிடிக்கேல்ல. கோடையில நிலம் காஞ்சு இறுகேக்க கூடுதலாக் கூசி மாரியில குறைஞ்சால் அது எர்த்தேதான். எந்த பிராண்டை வாங்கினாலும் கூட வாற பிழை இது, அதோட ஆபத்தும். மிசினை விடுங்கோ, வயர்மனைக் கூப்பிட்டு எர்த்தையும் ரிப் சுவிட்சையும் பாப்பியுங்கோ.

குணங்குறி: நீலத்திரை

விண்டோஸ் முழுசா விழேக்க ஒரு பிழைப் பேரோட வாற திரை இது, புது விண்டோஸ் 11 இல அது கறுப்பாவும் வரும், ஆள் ஒண்டுதான். திரையில வாற பேரை ஃபோனில படம் எடுங்கோ. ஒவ்வொரு தரமும் ஒரே பேர் வந்து, அதோட ஒரு ஃபைலின்ர பேரும் வந்தால் அனேகமா ட்றைவர் (மிசினின்ர ஒரு பாகத்தை விண்டோசோட இணைக்கிற சொவ்ட்வெயர்), அதைக் கழட்டி மிசின் கொம்பனியின்ர பக்கத்தில இருந்து எடுத்துத் திரும்பப் போடுங்கோ. ஒவ்வொரு தரமும் வேற வேற பேர் வந்தால் எனக்கு முதல் சந்தேகம் றாம், அதாவது மிசின் வேலை செய்யேக்க பாவிக்கிற தற்காலிக நினைவகம்.

றாமைப் பாக்க விண்டோசிலயே மெமறி டயக்னொஸ்ரிக் இருக்குது, ஆனா அது பிழை இல்லை எண்டு சொன்னால் நான் நம்புறேல்ல, பிழை இருக்கு எண்டு சொன்னால் மட்டும் நம்புவன். மெம்ரெஸ்ற் 86 எண்ட றாம் சோதிக்கிற சொவ்ட்வெயரை பென் ட்றைவில போட்டு ராத்திரி படுக்கப் போகேக்க ஓட விடுங்கோ. ஒரு பிழை காட்டினாலும் பிழைதான், "ஒண்டுதானே" எண்டு விடக்கூடாது. பிறகு மிசினை நிப்பாட்டி, கரண்டைக் கழட்டி, றாமைக் கழட்டி, அதின்ர பொன்னிறப் பல்லை அழிறப்பரால மெதுவாத் தேய்ச்சுத் துடைச்சுத் திரும்பப் போட்டு இன்னொரு ராத்திரி. குருநகர், காரைநகர், வல்வெட்டித்துறை மாதிரிக் கடற்கரைப் பக்கத்து வீடுகளில இதால மட்டும் சரிவந்த மிசினுகள் எத்தினையோ, உப்புக் காத்து அந்தப் பல்லில ஒரு படை மாதிரிப் படியும். மிசினின்ர அடி ஸ்குறுவிலயும் யூஎஸ்பி வாயிலயும் கறள் பிடிச்சிருக்கோ எண்டு பாருங்கோ, வெளியில கறள் எண்டால் உள்ளயும் இருக்கும்.

றாமும் சரி, ட்றைவரும் சரி எண்டால் ஒரு சோதினை இருக்குது, எனக்கு மிச்சம் பிடிச்சது. உபுண்டு மாதிரி ஒரு லினக்ஸை பென் ட்றைவில போட்டு, இன்ஸ்ரோல் பண்ணாமல் அதிலயே மிசினைத் தொடக்கி ஒரு முழுநாள் பாவியுங்கோ. அதிலயும் விழுந்தால் ஹார்ட்வெயர். ஒருக்காலும் விழேல்ல எண்டால் விண்டோசைத் துடைச்சுப் புதுசாப் போடுங்கோ, பிராண்டைப் பழி சொல்லாதேங்கோ.

குணங்குறி: ஆமை மாதிரி, திறக்கவே பத்து நிமிசம்

உள்ளுக்குச் சுத்துற ஹார்ட் டிஸ்க் எண்டால் வேற ஒண்டும் தேடவேண்டாம், எஸ்எஸ்டி (சுத்துற பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) போடுங்கோ, புது மிசினின்ர காசில ஒரு துண்டுக்கு வேலை முடியும். ஆனா போட முதல் கிறிஸ்ரல் டிஸ்க் இன்ஃபோ எண்ட இலவசச் சொவ்ட்வெயரால டிஸ்கைப் பாருங்கோ. நீலம் நல்லது, மஞ்சள் கவனம், சிவப்பு எண்டால் இப்பவே ஃபைலுகளை எடுங்கோ. ஹார்ட் டிஸ்க் எண்டால் நான் பாக்கிறது மூண்டு வரி: 05, சி5, சி6. பழுதாகி ஒதுக்கின இடங்கள், வாசிக்க ஏலாமல் காத்திருக்கிற இடங்கள், திருத்த ஏலாத இடங்கள். இந்த எண்கள் இண்டைக்கு எவ்வளவு எண்டு கொப்பியில எழுதி அடுத்த கிழமை திரும்பப் பாருங்கோ, ஏறிக்கொண்டு போனால் டிஸ்க் சாகுது. சி7 மட்டும் ஏறினால் டிஸ்க்கில பிழை இல்லை, வயரில.

இதுவும் பிராண்டோட சம்பந்தமில்லாத இடம். லப்டொப்பில ஒட்டியிருக்கிற பேர் ஒண்டு, உள்ள இருக்கிற டிஸ்க் செய்தது சீகேற்றோ வெஸ்ரேர்ன் டிஜிற்றலோ சாம்சங்கோ, அதே டிஸ்க்தான் பக்கத்துக் கடையில இருக்கிற மற்ற பிராண்டுக்குள்ளயும் கிடக்கும்.

விண்டோஸ் 10 க்கான உதவி 2025 ஒக்ரோபர் 14 ஓட முடிஞ்சுது, அதால மட்டும் மிசினை எறிய நினைக்கிற ஆக்களும் இருக்கினம். இன்ரெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தின மிசினுகளை விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்கிறேல்ல, அது உண்மை. அது மிசினின்ர வயசு, மிசின் பிழை எண்டு அர்த்தம் இல்லை.

குணங்குறி: பற்றரி நிக்குதில்லை

கொமாண்ட் பிறொம்ற்றில பவர்சிஎஃப்ஜி எண்டு ஆங்கிலத்தில ஒரே சொல்லா அடிச்சு, ஒரு இடம் விட்டு, சாய்வுக்கோடு போட்டு, பற்றரிறிப்போட் எண்டு சேர்த்து அடியுங்கோ. ஒரு அறிக்கை வரும். செய்யேக்க இருந்த கொள்ளளவு, இப்ப முழுசா ஏறினால் வாற கொள்ளளவு எண்டு ரெண்டு எண் இருக்கும், ரெண்டாவதை முதலாவதால பிரியுங்கோ. மூண்டு வருச மிசினில 70, 75 வீதம் எண்டால் அது சாதாரணத் தேய்மானம். ஆறு மாச மிசினில 60 எண்டால் கேள்வி கேக்கலாம், வாறண்டியைக் காட்டுங்கோ.

மவுஸ் தடவுற இடம் மேல எழும்பினால், மூடி சரியா மூடேல்ல எண்டால் பற்றரி வீங்கியிருக்குது. குத்தாதேங்கோ, அமத்தாதேங்கோ, சார்ஜர் போடாதேங்கோ, கழட்டத் தெரிஞ்ச ஆளிட்டக் குடுங்கோ.

குணங்குறி: கொதிக்குது, காத்தாடி இரையுது

ஹெச்டபிள்யூ இன்ஃபோ எண்ட சொவ்ட்வெயரைப் போட்டு வெப்பத்தைப் பாருங்கோ. இன்ரெல் லப்டொப் சிப்புகள் பெரும்பாலும் 100 பாகையில தங்களைத் தாங்களே குறைச்சுக்கொள்ளும், ஒரு பாரமான வேலையில கொஞ்ச நேரம் 95 தொட்டால் பயமில்லை, சும்மா இருக்கேக்க 80 எண்டால் பயம். சோளகக் காத்துக் காலத்தில எங்கட வீடுகளுக்குள்ள வாற புழுதி உங்களுக்குத் தெரியும், உரும்பிராய் சுன்னாகப் பக்கம் எண்டால் அது செம்மண் புழுதி, காத்தாடிக்குப் பின்னால இருக்கிற தகட்டு இடுக்கில போர்வை மாதிரிப் படியும். வெளியால ஊதினால் போகாது, அடியைத் திறந்து, காத்தாடியைச் சுத்தவிடாமல் விரலால பிடிச்சுக்கொண்டு துடைக்கவேணும். பிறகும் கொதிச்சால் சிப்பில பூசுற பேஸ்ற்றைப் புதுப்பியுங்கோ. இதெல்லாம் செய்து, மேசையில வச்சு, மெத்தையில வைக்காமல் பாத்தும், அதே மொடல் வச்சிருக்கிற இன்னொரு ஆளுக்கும் அப்பிடியே கொதிக்குதெண்டால், அப்ப சொல்லலாம் அந்த மொடலின்ர குளிராக்கிற அமைப்பே போதாது எண்டு.

எப்பதான் கொம்பனியில பிழை?

மூடி திறக்கிற கீல் உடையிறது எனக்கு முதலாவது சாட்சி. உங்கட கரண்டோ, புழுதியோ, விண்டோசோ அதை உடைக்கிறேல்ல. மெல்லிய பிளாஸ்ரிக்கில சின்னப் பித்தளைக் குமிழை வச்சு அதில இறுக்கமான கீலைப் பூட்டினால் ரெண்டு வருசத்தில பிளாஸ்ரிக் பிய்யும். என்ர சொந்த லப்டொப் அப்பிடித்தான் போனது, விழுத்தேல்ல, அடிக்கேல்ல, ஒரு நாள் விடியத் திறக்கேக்க மூலை பிளந்திது. அந்த மொடல் வரிசையை நான் திரும்ப வாங்கேல்ல, அதில எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. கீபோட்டில எழுத்து ரெண்டு தரம் விழுகிறது, சார்ஜர் வாய் மதர்போட்டில நேர ஒட்டியிருக்கிறது, றாம் மாத்த ஏலாமல் ஒட்டியிருக்கிறது, இதுகளும் அந்தப் பழிக்குள்ள வரும்.

ஆனா "வரிசை" எண்ட சொல்லைக் கவனியுங்கோ. ஒரே கொம்பனி ஒபிசுக்காரருக்கு ஒரு வரிசையும் கடையில மலிவா விக்கிறதுக்கு வேற ஒரு வரிசையும் செய்யும். லெனோவோவில திங்பாட் ரீ வரிசையும் ஐடியாபாட்டும் ஒண்டில்லை, எச்பியில எலைற்புக்கும் பவிலியனும் ஒண்டில்லை. பவிலியன் உடைஞ்சதெண்டு எச்பியே கூடாது எண்டிட்டு, லெனோவோவின்ர ஐடியாபாட்டை வாங்குற ஆள் ஒரு கொம்பனியில இருந்து இன்னொண்டுக்குப் போனதா நினைக்கிறார், உண்மையில அதே தட்டிலதான் நிக்கிறார். அதோட குவாண்டா, கொம்பல், விஸ்ற்ரன் எண்டு தாய்வான் கொம்பனியள் இருக்கு, பேர்போன பிராண்டுகள் பலதுக்கு லப்டொப் செய்து குடுக்கிறது இந்த ஆக்கள்தான்.

பிழை பிராண்டைத் தாண்டி ஓடின காலங்களும் இருக்கு. 2008 இல என்விடியா தன்ர லப்டொப் கிராஃபிக்ஸ் சிப்புகள் பழுதாகிறதை ஒத்துக்கொண்டு 15 கோடியில இருந்து 20 கோடி டொலர் வரைக்கும் ஒதுக்கினது. டெல், எச்பி, அப்பிள் எண்டு மூண்டிலயும் அந்தச் சிப் இருந்தது, அப்ப ஒண்டில இருந்து மற்றதுக்கு மாறின ஆள் அதே சிப்பையே திரும்ப வாங்கியிருக்கக்கூடும். 2024 இல இன்ரெலின்ர 13 ஆம், 14 ஆம் தலைமுறை டெஸ்க்ரொப் சிப்புகள் கூடின வோல்ற்றால நிலை தளம்பினது, ஓகஸ்ற்றில திருத்தின மைக்றோகோட் (சிப்புக்குள்ள ஓடுற கட்டளைத் தொகுதி) விட்டு வாறண்டியையும் 2 வருசம் நீட்டினவை. அந்தச் சிப் உள்ள டெஸ்க்ரொப் ஒண்டு இடைக்கிடை விழுந்தால் பெட்டியின்ர பேரைப் பாக்காமல், அந்தத் திருத்தத்தைக் கொண்டு வாற பயோஸ் (மிசின் தொடங்கேக்க முதல்ல ஓடுற மதர்போட்டின்ர சொவ்ட்வெயர்) அப்டேற் போட்டிருக்கோ எண்டு பாருங்கோ.

மாத்துறது எண்டே முடிவெடுத்தால்

கொப்பியைப் பாத்து, பிழை மிசினோடதான் நிக்குது எண்டு உறுதியானால் மாத்துங்கோ, தாராளமா. மொடலின்ர முழுப்பேரைக் கேட்டு எடுத்து, அந்த மொடலைத் திருத்துற கையேடு கொம்பனியின்ர பக்கத்தில இருக்குதோ எண்டு தேடுங்கோ. ஒபிஸ் வரிசைகளுக்குப் பெரும்பாலும் இருக்கும், எந்த ஸ்குறுவைக் கழட்டினால் பற்றரி வரும் எண்டது வரைக்கும் படத்தோட. பிறகு யாழ்ப்பாணத்தில திருத்துற கடைக்காரர் ரெண்டு பேரிட்ட "இதின்ர கீபோட், கீல், பற்றரி எடுக்கலாமோ அண்ணை" எண்டு கேளுங்கோ. கொழும்பில இருந்து வரக் கிழமைக்கணக்கு எண்டால் அதையும் விலையோட சேர்த்துக் கணக்குப் பாருங்கோ.

கனடாவில, லண்டனில, சுவிசில இருந்து சொந்தக்காரர் கொண்டு வந்து தாற லப்டொப்புக்குத் தனியா ஒண்டு சொல்லவேணும். வாறண்டி இஞ்ச செல்லுமோ எண்டதைக் கொம்பனியின்ர பக்கத்தில சீரியல் நம்பரைப் போட்டு வாங்க முதலே பாக்கச் சொல்லுங்கோ, பலதும் வாங்கின நாட்டுக்கு மட்டும்தான். லப்டொப் சார்ஜரில 100 தொடக்கம் 240 எண்டு எழுதியிருந்தால் எங்கட கரண்டுக்குப் பயமில்லை. கனடா டெஸ்க்ரொப் எண்டால் பின்னால 115, 230 எண்டு சிவப்புச் சுவிட்ச் இருக்கோ எண்டு பாருங்கோ, அதை 115 இல விட்டிட்டு இஞ்ச குத்தினால் அந்தக் கணமே பவர் சப்ளை வெடிக்கும், அது எந்தக் கொம்பனியின்ர பிழையும் இல்லை. பிரான்ஸ், சுவிஸ் கீபோட்டில எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கும், விண்டோசில மாத்தலாம், கட்டையில அச்சடிச்ச எழுத்து மாறாது. பாமினி எண்ட தமிழ் எழுத்துருவில கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற ஆக்களுக்குச் சமாளிக்கலாம், பாத்து அடிக்கிற பிள்ளையளுக்குச் சரியான கரைச்சல்.

புதுசு வீட்ட வந்த அண்டைக்கே, ஒரு சொவ்ட்வெயரும் போட முதல், பற்றரி அறிக்கை, டிஸ்க்கின்ர எண்கள், சும்மா இருக்கேக்க வெப்பம், மெம்ரெஸ்ற் ஒரு ராத்திரி, எல்லாத்தையும் எடுத்து அதே கொப்பியில புதுப் பக்கத்தில திகதி போட்டு எழுதுங்கோ, பில்லையும் வாறண்டிக் கார்ட்டையும் படமெடுத்து ஃபோனில வையுங்கோ, வெய்யில் பட்டால் அந்த பில்லில எழுத்து அழிஞ்சுபோகும். கடைக்காரர் மாத்தித் தாற நாள் எத்தினை எண்டு வாங்கேக்கயே கேட்டு, அந்த நாளுக்குள்ள மிசினைக் கஷ்டப்படுத்திப் பாவியுங்கோ, பத்திரமா மூடி வைக்காதேங்கோ.